நம்ம கல்லூரி வானொலியில் ஏன் இத்தனை வகைப் பாட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் இசை நிகழ்ச்சிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வில்லுப்பாட்டு, கீர்த்தனை, பைத் (முஸ்லிம்கள் பாடும் பக்திப் பாட்டு), சினிமா, ஆப்பிரிக்க கிதார், மாணவர்கள் எழுதிய ராப் என்று எல்லாம் ஒரே நாளில் வருவதால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். போனிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இது கவர்மெண்ட் ரேடியோவும் இல்ல, தனியார் எஃப்எம்மும் இல்ல. அப்போ என்னதான் இது?"

சமுதாய வானொலி. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்கள் சின்ன அளவில் வானொலி நடத்த மத்திய அரசு அனுமதித்தது. அதன்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்எம் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. லாபத்துக்காக நடத்தக் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது சுற்றுவட்டார மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், அவர்கள் பேசும் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பாட்டு வரிசை இப்படி இருப்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

"எங்க ஊரு முக்கூடல். எவ்வளவு திருகினாலும் எடுக்க மாட்டேங்குதே?"

எடுக்காது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எங்களுக்கு டவுன், பேட்டை, மேலப்பாளையம் வரை நன்றாகக் கேட்கும். அதைத் தாண்டினால் இரைச்சல்தான்.

இதை நான் குறையாக நினைக்கவில்லை. 1963-இலிருந்து ஒலிபரப்பும் திருநெல்வேலி வானொலி நிலையம் மத்திய அலையில் பல மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைத் தரவேண்டிய பொறுப்பு அதற்கு இருக்கிறது. எங்களுக்குச் சுற்றிலும் பத்து கிலோமீட்டர். மேலப்பாளையத்தில் ஒரு தெருவில் மட்டும் தெரிந்த பாட்டை முழுசாகப் போட எங்களால் முடியும்.

"காலேஜ் ரேடியோன்னா புதுப் படப் பாட்டு போட்டாத்தானே பயலுவ கேப்பானுவ?"

புதுப் படப் பாட்டு அவர்கள் போனிலேயே இருக்கிறது. தனியார் எஃப்எம்மில் நாள் முழுக்க வருகிறது. அதே பாட்டை அவர்களைவிடக் குறைந்த சக்தியில், கூடுதல் இரைச்சலோடு நாங்களும் போட்டு யாருக்கு என்ன லாபம்? இந்த ஊரில் பாடப்பட்டும் எந்த அலைவரிசையிலும் வராத பாட்டு ஏராளமாக இருக்கிறது. அதைப் போட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நாங்கள்தான் என்று நம்புகிறேன்.

"அப்போ சினிமாப் பாட்டே போட மாட்டீங்களா?"

போடுவோம், தினமும். சினிமாப் பாட்டை ஒதுக்கிப் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்பது வானொலி வரலாற்றிலேயே இருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களுக்கு நல்ல சங்கீதம் தரவேண்டும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் மறைந்தன. நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. நம்ம கடற்கரைக்கு இலங்கை கூப்பிடு தூரம். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இலங்கை அறிவிப்பாளர்களின் பெயரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்கள்.

கேஸ்கருக்குக் கர்நாடக, இந்துஸ்தானி இசைமேல் இருந்த அக்கறை உண்மையானது. ஆனால் ஒரு பாட்டை ரசிக்கவைக்க இன்னொரு பாட்டைத் தடுத்தால் ஆள் போய்விடுவார். தெரிந்த பாட்டைப் போட்டு, அதன் பக்கத்தில் தெரியாத பாட்டை உட்கார வைக்க வேண்டும்.

"பக்கத்துல உட்கார வைக்கதுன்னா? ஒரு மணி நேரத்தை எப்படி அடுக்குதீங்க?"

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே தேவா' பாட்டில் தொடங்குவோம். அறுபது வயதுக்காரருக்கும் தெரியும், பாட்டுப் போட்டி பார்க்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். எஸ். ஜானகியின் குரலோடு மல்லுக்கு நிற்கும் அந்த நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. அந்தக் காருகுறிச்சி இதோ, அம்பாசமுத்திரம் ரோட்டில் இருக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்வார். உடனே கேட்பவர் நிமிர்வார். அடுத்து அதே ஆபேரி ராகத்தில் ஒரு நாகசுர ஆலாபனை. அதற்குப் பிறகு ஒரு கொடையில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவில், நாங்கள் பதிவு செய்த நையாண்டி மேளம். அதே நாகசுரம், ஆனால் கூடவே பம்பை ஓடும், ஆட்டக்காரிக்காக வேகம் ஏறும். கடைசியில் பிஸ்மில்லா கானின் ஷெனாய். நம்ம நாகசுரச் சீவாளி மாதிரியே அதிலும் நாணலை உதட்டில் வைத்துத்தான் ஊத வேண்டும் என்று ஒரு வாக்கியம் போதும்.

நாலு பாட்டும் நாலு உலகம். ஆனாலும் யாரும் ரேடியோவை அணைக்க மாட்டார்கள், ஏனென்றால் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. கயிறாக எது வேண்டுமானாலும் இருக்கலாம்: ஒரு கருவி, ஒரு ராகம், மழை, அண்ணன் தங்கை. கயிறு இல்லாமல் சும்மா கலந்து போட்டால் அது கதம்பமாகக்கூட வராது, குப்பையாகத்தான் வரும். புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் மாதம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"எதுக்கு இவ்வளவு சுத்தல்? நாட்டுப்புறப் பாட்டுக்குன்னு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிட்டா போதாதா?"

முதலில் அப்படித்தான் செய்தோம். ஞாயிறு காலை ஆறு மணி. ஏற்கெனவே பிடித்தவர்கள் மட்டும் கேட்டார்கள். வாராவாரம் அதே நாலு பேர் போன் செய்தார்கள். மற்றவர்கள், 'அது நமக்கில்லை' என்று அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாடியவர்களிடமும் ஒரு வருத்தம் இருந்தது. ஒரு வில்லிசைக் கலைஞர் என்னிடம் நேராகவே கேட்டார்: "எங்களுக்கு மட்டும் ஏம்மா ஊரு எந்திரிக்கு முன்னால நேரம் குடுக்கிய?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே அந்த நிகழ்ச்சியைக் கலைத்துவிட்டு, வில்லுப்பாட்டைச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்தோம்.

"கணியான் கூத்து கொடையில சாமிக்குப் பாடுதது. அதைப் போயி ஸ்டூடியோவுல பாட வைக்கலாமா?"

நியாயமான கேள்வி. பாடுகிறவர்களிடமே கேட்டுவிடுவோம். வில்லுப்பாட்டிலும் சரி, கணியான் கூத்திலும் சரி, கதையை எங்கே வேண்டுமானாலும் பாடலாம் என்பார்கள். ஆனால் சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டைக் கொடைக்கு வெளியே பாட மாட்டோம் என்று சொல்லும் குழுக்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அதோடு விட்டுவிடுவோம், வற்புறுத்துவதில்லை. ஒரு குழு சுடலைமாடன் பிறப்பை மட்டும் பாடித் தந்தது. அதுவே மூன்று வாரத்துக்கு வந்தது.

ஸ்டூடியோ சரிப்படாததற்கு இன்னொரு காரணம் மகுடம் என்ற தோல் கருவி. இந்தக் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் அடிப்பார்கள். தோலை நெருப்பில் காட்டித்தான் சுதி ஏற்றுவார்கள். எங்கள் ஏசி அறையில் இரண்டு வரி பாடியதுமே தலைமைப் பாடகரான அண்ணாவி நிறுத்திவிட்டார். "சத்தம் செத்துப்போச்சு தாயி" என்றார். எல்லாரும் கேண்டீனுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போனோம். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மகுடத்தை மேலே காட்டி, விரலால் தட்டி, காதை வைத்துப் பார்த்து, மறுபடியும் காட்டி, கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் விழுந்த முதல் அடியில் மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. மைக்கை எட்டு அடி தள்ளி வைத்தோம். அந்தப் பதிவில் காக்காவும் இருக்கிறது, ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரனும் இருக்கிறது. வெட்டவில்லை.

"ஒப்பாரியெல்லாம் ரேடியோவுல போடுதீங்களே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல கேட்டா அபசகுனம் இல்லையா?"

இழவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பாடுகிற ஆச்சிமார்களின் எண்ணமும்தான். அதனால் அவர்களை வீட்டுக்கு வெளியே, களத்திலோ கோயில் பொட்டலிலோ வைத்துத்தான் பதிவு செய்கிறோம். ஒலிபரப்புவது இரவு ஒன்பதுக்கு மேல், அதுவும் முன்னாலேயே அறிவித்துவிட்டு. வெள்ளி, செவ்வாய் தவிர்க்கிறோம். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு நிமிடம் கிடைக்கும்.

ஆனால் போடாமல் இருக்க எனக்கு மனசு வராது. ஓர் ஆச்சி நாற்பது வருஷத்துக்கு முன் போன புருசனுக்காகப் பாடினார். அவர் கட்டியிருந்த வேட்டியின் கரையிலிருந்து, சாப்பிட்ட கும்பா வரைக்கும் வரிசையாக வந்தது. அந்தப் பாட்டை அவர் யாரிடமும் படிக்கவில்லை, அங்கேயே கட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இத்தனை பெரிய பாட்டைத் தானாகக் கட்டுகிறார் என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும்.

"சாதிப் பேரு வர்ற பாட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

இந்த மாவட்டத்தில் இது லேசான விஷயம் இல்லை. ஒரு சாதியைத் தூக்கிப் பிடித்து இன்னொன்றைச் சீண்டும் பாட்டு எங்கள் நிலையத்தில் வராது. யார் சிபாரிசோடு வந்தாலும் வராது. கொடை மைக்செட்டில் ஓடுகிறதே என்பார்கள். ஓடட்டும், எங்களுக்கு அந்தப் பாட்டு வேண்டாம்.

கதைப்பாட்டு வேறு. முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்த பட்டன் சக்கிலியப் பெண்களான அக்கா தங்கை இருவரைக் கட்டிக்கொள்கிறான். பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான், மாட்டைக் காக்கப் போய்ச் சாகிறான். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இந்தக் கதையில் சாதிப் பெயரை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அதனால் வெட்டாமல் போடுவோம், முன்னால் இரண்டு நிமிடம் பின்னணி சொல்லுவோம். வேறு கதைகளில் ஒரு சமூகத்தைக் கேவலமாகச் சொல்லும் வரி வந்தால், பாடியவரிடம் பேசி அந்த வரியை விட்டுவிட்டுப் பாடச் சொல்வோம். பெரும்பாலும் அவர்களே, 'இப்ப நாங்க அப்படிப் பாடுறதில்ல' என்பார்கள்.

"சர்ச் பாட்டும் பள்ளிவாசல் பைத்தும் போட்டா மதப் பிரச்சாரம்னு சொல்ல மாட்டாங்களா?"

பாட்டு போடுவோம், பிரசங்கம் போட மாட்டோம். 'எங்கள் வழிக்கு வாருங்கள்' என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கிடையாது. எல்லாருக்கும் அதே அளவுகோல்தான்.

இவற்றை விட்டுவிட்டால் நெல்லை இசையில் பெரிய ஓட்டை விழும். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1917-இல் தமிழிசை ஆராய்ச்சிப் பெருநூலான 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரைக்காரர். காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியாருக்கு சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம். டிசம்பரில் மார்கழியும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வரும்போது திருப்பாவைக்கு அடுத்து ஒரு கீர்த்தனை போடுவோம். ராகம் ஒத்துப்போனால் தனி அழகு.

"யூடியூப்ல இருந்து இறக்கிப் போட்டா வேலை முடிஞ்சுது. ஏன் மேடம் இவ்வளவு கஷ்டப்படுதீங்க?"

இறக்கிப் போடக் கூடாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. முன்னதற்கு ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கம், பின்னதற்குப் பிபிஎல் என்ற அமைப்பு அல்லது அந்தந்த இசைத்தட்டுக் கம்பெனி என்று உரிமம் வாங்க வேண்டும். எங்களைப் போன்ற சின்ன நிலையத்துக்கு இது பெரிய செலவு. நாங்களே பதிவு செய்யும் பாட்டு கூடக்கூட இந்தச் செலவும் பிரச்சினையும் குறைகிறது.

"ரொம்பப் பழைய பாட்டுன்னா ஃப்ரீதானே?"

பாதி சரி. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. முன்னே சொன்ன 1962 பாட்டின் ஒலிப்பதிவுக்கு 2022-ஓடு 60 ஆண்டு முடிந்தது. ஆனால் இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு மறைந்தது 1979-இல். ஆகவே இசைக்கான உரிமை 2039 வரை இருக்கிறது.

வழிவழியாக வரும் நடவுப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் ஆசிரியர் உரிமை கிடையாது. ஆனால் அதை நம் மைக்கில் பாடிய ஆச்சிக்குப் பாடகர் என்ற உரிமை 50 ஆண்டுக்கு இருக்கிறது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"பாட வர்றவங்களுக்குக் காசு கொடுப்பீங்களா, இல்ல பொன்னாடைதானா?"

காசுதான். பெரிய தொகை இல்லை. ஒருநாள் கூலியும் வண்டிச் செலவும் கட்டாயம் உண்டு. சமுதாய வானொலி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்று 2024-இல் உயர்த்தினார்கள், முன்பு 7 நிமிடம். பக்கத்து ஜவுளிக்கடை, அல்வாக் கடை விளம்பரத்தில் வருவதிலிருந்து இதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறோம்.

எங்கள் பக்கம் ஒரு தப்பும் நடந்திருக்கிறது. ஒரு மாணவர் ஆர்வத்தில் ஓர் அம்மாவின் கும்மிப் பாட்டைத் தன் பக்கத்தில் ஏற்றிவிட்டார். யாரோ அதை எடுத்து மேளச் சத்தம் சேர்த்து, பெயர் போடாமல் பரப்பிவிட்டார்கள். அந்த அம்மாவின் மகன் வந்து, "எங்கம்மா குரலு, எங்கம்மா பேரு எங்க?" என்று கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. இப்போது ஒலிபரப்புக்கு, இணையத்துக்கு, ஆய்வுக்கு என்று தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்குகிறோம். பதிவின் நகல் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு முறை போடும்போதும் பெயரும் ஊரும் சொல்லாமல் விட மாட்டோம்.

"ஆப்பிரிக்கப் பாட்டெல்லாம் யாருக்குப் புரியும்?"

மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்று ஓர் ஊர். அங்கே அலி ஃபர்கா தூரே என்ற கிதார்க் கலைஞர் இருந்தார். உலகமெல்லாம் பேர் வாங்கிய பிறகும் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். 2004-இல் அந்த ஊருக்கு மேயர் ஆனார், 2006-இல் மறைந்தார். பிசானப் பருவ நெல் நடவு நடக்கும் நாளில் இவருடைய ஒரு பாட்டை நம்ம நடவுப் பாட்டுக்கு அடுத்துப் போட்டோம். இரண்டிலும் ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், குரல் மட்டும் மேலே உலாவும். வயலிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அந்த அண்ணாச்சிக்கு எந்த ஊரு? சேரன்மகாதேவிப் பக்கமா?" என்று கேட்டார். ஆற்றங்கரைக்காரர்தான், ஆனால் வேறு ஆறு என்று சொன்னேன்.

"எங்க பசங்க பாண்டு வச்சிருக்கோம். ராப், மெட்டல். எங்களுக்கு இடம் உண்டா?"

உண்டு. சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். சாதி பற்றிச் சொன்ன பதில் உங்களுக்கும் பொருந்தும். நெல்லைப் பேச்சிலேயே எழுதினால் இன்னும் சந்தோஷம்.

"எனக்கு ராகம் தாளம் ஒண்ணும் தெரியாது. நான் அறிவிப்பாளரா வரலாமா?"

வாருங்கள். தெரியாது என்பதுதான் கேட்பவரின் நிலையும். பாடியவர் பெயர், ஊர், கருவி மூன்றையும் சரியாக உச்சரியுங்கள், முப்பது விநாடிக்கு மேல் பேசாதீர்கள், பாட்டின் கடைசி அடி அடங்கும் முன் வாயைத் திறக்காதீர்கள்.

"எங்க ஆச்சிக்கு நிறைய பாட்டு தெரியும். ரேடியோ ஸ்டேஷனுக்கெல்லாம் வர மாட்டா. என்ன செய்ய?"

நீங்களே போனில் பதிவு செய்யுங்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்த மண்ணின் பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்ததால்தான் எத்தனையோ பாட்டின் சொற்கள் இன்று அச்சில் இருக்கின்றன. மெட்டை அச்சில் ஏற்ற முடியாது. உங்கள் போனில் முடியும்.

ஃபேனை அணையுங்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓயட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்க்கு ஒரு சாண் தள்ளி, துணி விரித்து அதன்மேல் வையுங்கள். முதலில் ஆச்சி பேரையும் பிறந்த ஊரையும், பாட்டை யாரிடம் கேட்டுப் படித்தாள் என்பதையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அடி மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள், ரெக்கார்டிங்கை நிறுத்தவும் செய்யாதீர்கள். அவள் யோசித்து வேறு ஓர் அடி கட்டுவாள், அதுவும் நமக்கு வேண்டும். பதிவு சரியாக வரவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். சமையல் முடிந்து ஆச்சி திண்ணைக்கு வரும் நேரத்துக்கு நாங்களே மைக்கோடு வருகிறோம்.